கிட்டார்ல ஹம், ஷாக், கரகரப்பு, சத்தமே இல்ல: எதுக்கு எங்க பாக்கறது

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் பக்கம் சோமனூர்ல இருந்து ஒரு தம்பி எலக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிட்டு வந்திருந்தாப்ல. பாடி பலா மரம், அவங்க ஊர் ஆசாரி ஒருத்தர் கையால செதுக்குனது, கழுத்து தேக்கு, வயரிங் மட்டும் தம்பியே பண்ணினது. "அண்ணா, எர்த்து எல்லாத்தையும் மூணு தடவ பத்த வெச்சுட்டேனுங்க, இன்னும் அந்த ம்ம்ம்னு வர்ற ஹம் நிக்க மாட்டேங்குதுங்க"ன்னாரு. பின்னாடி மூடியைக் கழட்டிப் பாத்தா வால்யூம் பாட் (குமிழுக்கு அடில இருக்கற, திருகுனா சத்தத்தைக் கூட்டிக் கொறைக்கற பாகம்) முதுகுல ஈயம் குமிச்சுக் கெடக்குது. பத்த வெச்சதுல பாதி ஏற்கனவே நல்லா இருந்த ஜாயின்ட். கோளாறு இருந்த எடத்துல மட்டும் கை வெக்கலை, ஏன்னா அது எங்க இருக்குதுன்னு தேடவே இல்ல, நேரா சோல்டரிங் அயர்னை எடுத்துட்டாரு.

கடைல வாங்குன கிட்டார்னா அந்த மாடலுக்கு ஒரு டயகிராம் கெடைக்கும், அதை வெச்சு ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாத்துக்கலாம். சொந்தமா செஞ்சதுல அந்த வசதி கெடையாது, ஒரு கம்பெனி பிக்கப் (கம்பி அதிர்றதை சிக்னலா மாத்தற காந்தச் சுருள்), இன்னொரு கம்பெனி சுவிட்ச், எங்கியோ கழட்டுன பாட், செஞ்சவருக்கு தோணுன பாதைல வயர். அதனால இதுல கோளாறு எப்படி காட்டுதோ அதைப் புடிச்சுட்டுத்தான் உள்ள போகணும். காதும் கை விரலும் ஒரு மல்டிமீட்டரும் போதும், அயர்ன் கடைசில.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். நம்மூர்ல எர்த்துன்னா ஒரே வார்த்தைதான், தோட்டத்து மோட்டாருக்கு குழி வெட்டி கரியும் உப்பும் போட்டு பொதைக்கறதும் எர்த்து, கிட்டார் உள்ள பாட் முதுகுல ஒட்டற கருப்பு வயரும் எர்த்து. ஆனா ரெண்டுக்கும் வேலை வேற. ஊட்டு எர்த்து உயிரைக் காப்பாத்தறதுக்கு. கிட்டார் உள்ள இருக்கறது பிக்கப்ல கெளம்புன சிக்னல் திரும்பிப் போற பாதை, கூடவே காத்துல வர்ற இரைச்சலை வாங்கி ஓரமா வடிச்சு விடற கவசம். இந்த ரெண்டும் ஒட்டுக்கா சேர்ற எடம் ஆம்ப்போட இரும்புப் பெட்டி. கிட்டார் கம்பி பிரிட்ஜோட (பாடி மேல கம்பி உக்கார்ற பாகம்), பிரிட்ஜ் ஒரு வயர்ல பாட் முதுகோட, அங்கிருந்து ஜாக்கோட (கேபிள் சொருகற எடம்) ஸ்லீவுக்கு, அதாவது பிளக்கோட உடம்பைத் தொடற பாகத்துக்கு, ஸ்லீவுல இருந்து கேபிளோட வெளி வலைக்கு, வலைல இருந்து ஆம்ப் பெட்டிக்கு, பெட்டில இருந்து மூணு பின் பிளக்கோட பெரிய பின்னுக்கு, அங்கிருந்து குழிக்கு. இந்தச் சங்கிலி எங்க அறுந்திருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் முக்காவாசி வேலை.

கழட்டறதுக்கு முன்னாடியே ஒரு அளவு எடுத்துக்கங்க. நல்ல கேபிள் ஒண்ணை கிட்டார்ல சொருகி, அந்தப்பக்கம் வெளிய இருக்கற பிளக்ல மீட்டரோட ஒரு முனையை நுனியிலயும் இன்னொண்ணை உடம்புலயும் வெச்சு, மீட்டரை 20 கிலோ ஓம்ல போட்டு, வால்யூம் ஃபுல்லா வெச்சுப் பாருங்க. சிங்கிள் காயில்னா (ஒத்தைச் சுருள் பிக்கப்) 5.5ல இருந்து 7 கிலோ ஓம் சுமாருக்கு வரும், சாதா ஹம்பக்கர்னா (ரெட்டைச் சுருள் பிக்கப்) 7ல இருந்து 9, சத்தம் எச்சா குடுக்கற ஹம்பக்கர் 14, 16 கூட காட்டும். சுவிட்சை ஒவ்வொரு எடத்துக்கா தள்ளி ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. ரெண்டு பிக்கப் சேர்ற எடத்துல ஏறத்தாழ பாதியா வரணும், 6ம் 6ம் சேந்தா 3. இந்த நாலஞ்சு நம்பரே பாதி கோளாறைக் காட்டிக் குடுத்துடும், எப்படின்னு கீழ வர்றேன்.

கம்பியைத் தொட்டா ஷாக் அடிக்குது, இல்ல சுருசுருங்குது

இதை மொதல்ல வெக்கறேன், ஏன்னா மத்ததெல்லாம் சத்தம் சம்பந்தப்பட்டது, இது உயிர் சம்பந்தப்பட்டது. கிட்டார் உள்ள இதுக்கு மருந்து கெடையாது, அதனால கிட்டாரைக் கழட்ட வேண்டாம். பிக்கப்ல உண்டாகறது மில்லிவோல்ட் கணக்குல, மிஞ்சிப்போனா ஒரு வோல்ட் பக்கம், அது யாரையும் அடிக்காது. அடிக்கறது செவுத்துல இருந்து வர்ற 230 வோல்ட்.

லேப்டாப்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் போட்டு வாசிக்கறவங்களுக்கு வர்றது பெரும்பாலும் லேசான சுருசுருப்பு, உள்ளங்கைல எறும்பு ஊர்ற மாதிரி. எர்த்து பின் இல்லாத ரெண்டு பின் அடாப்டர்னா உள்ள இருக்கற சின்ன கெப்பாசிட்டர் வழியா கொஞ்சம் கரன்ட் வெளிப்பக்கம் கசியும். மீட்டரை ஏசி வோல்ட்ல போட்டு கம்பிக்கும் ஊட்டு எர்த்துக்கும் நடுவுல வெச்சா நூறு வோல்ட் பக்கத்துல கூட காட்டும், பயப்படற அளவுக்கு கரன்ட் அதுல இருக்காது. ஆனா எரிச்சல், கூடவே நல்ல ஹம்மும் வரும். அடாப்டரைப் புடுங்கிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க, சுருசுருப்பும் ஹம்மும் ஒட்டுக்கா நின்னா கிட்டார் மேல ஒரு தப்பும் இல்ல. மூணு பின் அடாப்டர் வாங்கி, எர்த்து இருக்கற சாக்கெட்ல சொருகுங்க, முடிஞ்சுது.

சுள்ளுன்னு அடிச்சா கதை வேற. ஒடனே வாசிக்கறதை நிறுத்துங்க. ஆம்ப் சொருகியிருக்கற சாக்கெட்டை எலக்ட்ரீசியனை வெச்சு அளக்கச் சொல்லுங்க: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வந்தா ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. ஃபேஸ்–எர்த்து கம்மியா, நிக்காம ஆடிட்டே காட்டுச்சுன்னா அந்த எர்த்து பின் எதோடயும் சேரலைன்னு அர்த்தம். பழைய தோட்டத்து ஊடுகள்ல கோடைல குழி காஞ்சு போயி எர்த்து வேலை செய்யாம இருக்கும், எங்க அப்புச்சி சித்திரை வைகாசில மோட்டார் ரூம் பக்கம் போறப்பெல்லாம் ஒரு கொடம் தண்ணிய குழில ஊத்திட்டுத்தான் வருவாரு, காரணம் இதுதான். சில எடத்துல எர்த்து பின்னை நியூட்ரலோட சேத்து முறுக்கி விட்டிருப்பாங்க, அது ஆபத்து, நியூட்ரல் எங்கியாச்சும் அறுந்துச்சுன்னா உங்க கிட்டார் கம்பில 230 வந்து நிக்கும்.

பாடிட்டே வாசிக்கறவங்களுக்கு இன்னும் ஒண்ணு. நோம்பி மேடைல மிக்ஸர் ஒரு லைன்ல, ஆம்ப் ஜெனரேட்டர்ல, அப்படி கலந்து குடுத்துடுவாங்க. கை கிட்டார் கம்பில, ஒதடு மைக்ல, ரெண்டுக்கும் வோல்டேஜ் வேற வேறயா இருந்துச்சுன்னா நடுவுல இருக்கறது நம்ம உடம்புதான். 1972 மே மாசம் வேல்ஸ்ல ஸ்வான்சீங்கற ஊர்ல, ஸ்டோன் த க்ரோஸ் பேண்டோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையிலேயே மைக்கைத் தொட்டு ஷாக் அடிச்சு செத்துப் போனாரு, சரியா எர்த்து இல்லாத மைக். மேடை ஏறுனதும் மீட்டரை ஏசி வோல்ட்ல போட்டு கம்பிக்கும் மைக் ஜல்லடைக்கும் நடுவுல வெச்சுப் பாருங்க, அரை நிமிஷம் ஆகாது. ஹம்மு போகுதுன்னு ஆம்ப் பிளக்கோட பெரிய பின்னை ஒடைச்சு விடறவங்களை நெம்ப பாத்துட்டேன், தயவு பண்ணி அதை மட்டும் செய்யாதீங்க. ரெண்டு ஆம்ப்புக்கு நடுவுல எர்த்து லூப் ஹம் (எர்த்து ரெண்டு பாதைல சேந்து வளையமாகறதால வர்றது) வந்தா அதுக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கற பெட்டி தனியா கெடைக்குது.

ஹம் அடிக்குது

மேலோட்டமா ஹம்னு ஒரே வார்த்தைல சொல்றோம், உத்து கேட்டா ரெண்டு. ஒண்ணு அடிவயித்துல ம்ம்ம்ம்னு வர்ற மொத்தமான சத்தம், இது நம்ம கரன்டோட 50 ஹெர்ட்ஸ். இன்னொண்ணு ஸ்ஸ்ஸ்னு குளவி மாதிரி கூர்மையா வர்றது, டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், சீரியல் செட் பல்ப் இதுங்க கிளப்பி விடறது. பஸ்னு சொல்ற இந்த கூர்மையான சத்தம் கவசம் போட்டா அடங்கும். அந்த ம்ம்ம் காந்தப்புலத்துல வர்றது, எத்தனை செப்பு ஃபாயில் ஒட்டுனாலும் சிங்கிள் காயில்ல அது அடங்காது. இந்த வித்தியாசம் தெரியாம ரெண்டு ரோல் ஃபாயில் ஒட்டி மனசு ஒடைஞ்சவங்க எத்தனையோ பேர்.

இப்ப விரலை வெச்சு சோதிக்கலாம். ஆம்ப்பை வாசிக்கற அளவுக்கு வெச்சு, கம்பில கை படாம கிட்டாரை மடில வெச்சுக்கங்க. மொதல்ல ஜாக்ல சொருகியிருக்கற பிளக்கோட உலோக உடம்பைத் தொடுங்க. அப்பறம் கையை எடுத்துட்டு கம்பியைத் தொடுங்க.

ரெண்டுலயும் பஸ் கொறைஞ்சா சங்கிலி அறுகலை. நம்ம உடம்பு ஏரியல் மாதிரி இரைச்சலை வாங்கி பிக்கப்புக்கு குடுத்துட்டு இருந்துது, தொட்டதும் அது எர்த்தோட சேந்து அடங்குது. தொடாதப்ப எச்சா இரைச்சல் இருந்தா கேவிட்டிக்கு (பாடில வயரிங் இருக்கற குழி) கவசம் பத்தலை, அவ்வளவுதான்.

பிளக்கைத் தொட்டா நிக்குது, கம்பியைத் தொட்டா ஒண்ணுமே மாறலைன்னா பிரிட்ஜுக்கு போற வயர் அறுந்திருக்கு. சோமனூர் தம்பி கிட்டார்ல இதேதான். அது ரெண்டு போஸ்ட் மேல நிக்கற பிரிட்ஜ். அந்த மாதிரிக்கு கேவிட்டில இருந்து ஒரு ஓட்டை போட்டு வயரை போஸ்ட் குழிக்கு கொண்டு வந்து, தோல் உரிச்ச செம்பை குழி ஓரமா மடிச்சு விட்டு, பித்தளை புஷ்ஷை மேல இருந்து தட்டி எறக்குவாங்க, புஷ் செம்பை மரத்தோட நசுக்கிப் புடிச்சுக்கும். தம்பி வயரை கரெக்டா வெச்சிருந்தாரு. ஆனா வெச்சதுக்கு அப்பறம் பாடிக்கு லாக்கர் அடிச்சிருக்காங்க, குழிக்குள்ள எறங்குன லாக்கர் செம்பு மேல கண்ணாடி மாதிரி படிஞ்சு காஞ்சு போச்சு, அது மேல புஷ்ஷைத் தட்டுனா எப்படி ஒட்டும். புஷ்ஷை மெதுவா இழுத்து எடுத்துப் பாத்தா செம்பு இழை தேன்ல முக்குன மாதிரி மினுமினுன்னு இருந்துது. உப்புத்தாள்ல நாலு இழுப்பு இழுத்து, செம்பு நெறம் தெரிஞ்சதும் இன்னும் கொஞ்சம் நீளமா மடிச்சு வெச்சு திரும்ப தட்டுனோம். ஜாக் ஸ்லீவுல இருந்து கம்பிக்கு மீட்டர் 0.6 ஓம் காட்டுச்சு, அதுல 0.3 மீட்டர் வயரோடது. மூணு தடவ பத்த வெச்ச ஹம்மு நாலு இழுப்பு உப்புத்தாள்ல போச்சு.

ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டார் மாதிரி ஸ்பிரிங் வெச்ச பிரிட்ஜ்னா அந்த வயர் பின்னாடி ஸ்பிரிங்கை மாட்டற கொக்கித் தகட்டுல சோல்டர் ஆகியிருக்கும், தகடு பெருசு, சின்ன அயர்ன்ல சூடு ஏறாது, அதனால ஜாயின்ட் மேலாப்புல ஒக்காந்திருக்கும், இழுத்தா கையோட வந்துரும். தகடு மாதிரி பாடில படுத்திருக்கற பிரிட்ஜ்னா அடில பெயின்ட் மேல வயர் கெடக்கும், அந்த எடத்துல மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி விடணும். ஈஎம்ஜி மாதிரி பேட்டரி போடற ஆக்டிவ் பிக்கப்புக்கு பிரிட்ஜ் வயரே வேண்டாம்னு அந்த கம்பெனியே சொல்லுது, அதுல இதைத் தேடாதீங்க.

கம்பியைத் தொட்டா ஹம் கூடுதுன்னா நெறைய தடவ ஜாக்ல ரெண்டு வயரும் இடம் மாறியிருக்கும். அப்ப பிரிட்ஜும் கம்பியும் எர்த்தோட சேராம ஹாட்டோட (சிக்னல் போற வயர்) சேந்து கெடக்கும், நம்ம உடம்பு வாங்குன இரைச்சல் நேரா ஆம்ப்புக்குள்ள போகும். ஜாக்கை கைல எடுத்துப் பாருங்க: பிளக் நுனியைப் புடிச்சு அழுத்தற வளைஞ்ச நாக்கு எந்தக் காதோட சேந்திருக்கோ அது ஹாட், உள்ள இருக்கற வளையத்தோட சேந்த காது எர்த்து. ரெண்டு காதும் ஒண்ணு மேல ஒண்ணா தட்டு மாதிரி இருக்கறதால கண்ணு ஏமாந்துரும், மீட்டர்ல கண்டினியூட்டி (ரெண்டு முனையும் சேந்திருந்தா பீப் அடிக்கறது) வெச்சே உறுதி பண்ணுங்க.

பிளக்கைத் தொட்டாலும் கம்பியைத் தொட்டாலும் மாறாம ஆம்ப் அலற்ற மாதிரி ஹம் அடிச்சு, கிட்டார் சத்தம் எங்கியோ கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தா, வேற கேபிளைப் போட்டுப் பாருங்க மொதல்ல. கேபிள் சரின்னா ஜாக் ஸ்லீவுக்கும் பாட் முதுகுக்கும் நடுவுல இருக்கற கருப்பு வயர் கழண்டிருக்கு.

கவசம் போடறவங்களுக்கு ரெண்டே விஷயம். ஒண்ணு, செப்பு ஃபாயில் வாங்கறப்ப பசையும் கரன்ட் கடத்தற பசையான்னு கேட்டு வாங்குங்க, கோயமுத்தூர் காந்திபுரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைல ரெண்டு ரகமும் பக்கத்து பக்கத்துல இருக்கும். கடத்தாத பசைன்னா ஒவ்வொரு துண்டும் தனித்தனி தீவு, மேல மேல ஒட்டுனாலும் சேராது, ஓரத்துல ஓரத்துல ஒரு பொட்டு சோல்டர் வெக்கணும். ஒட்டி முடிச்சதும் இந்த மூலைல இருந்து அந்த மூலைக்கு மீட்டர் வெச்சுப் பாருங்க. ரெண்டு, அந்த ஃபாயில் எர்த்தோட ஒரு எடத்துலயாவது சேரணும், சேராத ஃபாயில் வெறும் அலங்காரம். கிட்டார் உள்ள எர்த்து லூப் வந்துரும்னு பயந்து ஒரே புள்ளில எல்லா வயரையும் கொண்டாந்து முடிச்சு போடறவங்க இருக்காங்க, போடறதுல தப்பில்ல, பாக்க அழகாவும் இருக்கும், ஆனா ஒரு சாண் அகல குழிக்குள்ள அந்த லூப்பால வர்ற ஹம்மை என் காதுல இதுவரைக்கும் கேட்டதில்ல. நான் கேட்டதெல்லாம் அறுந்து போன எர்த்து, ஒட்டாத ஜாயின்ட்.

ஒட்டாத ஜாயின்ட் எப்படி இருக்கும்னா, ஈயம் உருண்டு தாமரை இலைத் தண்ணி மாதிரி பாட் முதுகு மேல தனியா நிக்கும், ஓரம் பரவியிருக்காது. பாட் முதுகை உப்புத்தாள்ல தேய்ங்க, 60 வாட் அயர்ன், உளி மாதிரி தட்டையான முனை, 60/40 ஈயம், முதுகு சூடாகட்டும், ஈயத்தை அயர்ன் மேல வெக்காம முதுகு மேல வெச்சு உருக விடுங்க, மூணு நாலு செகண்ட்ல பரவிடும். 25 வாட் அயர்னை வெச்சுட்டு அரை நிமிஷம் அழுத்திட்டே இருந்தா ஈயம் ஒட்டறதுக்குள்ள உள்ள இருக்கற கார்பன் தடம் வெந்து போகும்.

சத்தமே வரல

மேல சொன்ன அளவை இப்ப எடுத்துப் பாருங்க. வால்யூம் ஃபுல்லா இருக்கப்ப மீட்டர் 0 காட்டுச்சுன்னா ஹாட் எங்கியோ எர்த்தைத் தொட்டுட்டு நிக்குது. 250 கிலோ ஓம், இல்ல 500 கிலோ ஓம் சுமாருக்கு காட்டுச்சுன்னா (இதுக்கு மட்டும் மீட்டரை 2 மெகாவுல போடணும்) நீங்க பாக்கறது வெறும் பாட்டோட அளவு, பிக்கப் அந்தப்பக்கம் சேரவே இல்ல. மீட்டர் ஒண்ணுமே காட்டாம 1ன்னு நின்னா ஜாக் வரைக்குமே வயர் வரல.

0 காட்டறதுல ரொம்ப ஏமாத்தற ஒண்ணு இருக்கு. ஜாக்கை கைல வெச்சு அளந்தா சரியா இருக்கும், ஆம்ப்ல போட்டா சத்தமே வராது. பிளக்கை சொருகறப்ப அந்த வளைஞ்ச நாக்கு ஒரு ரெண்டு மில்லிமீட்டர் வெளிப்பக்கமா தள்ளிப் போகும், ஜாக் குழில ஃபாயில் ஒட்டியிருந்தா நேரா போயி அதுல ஒரசிடும். பிளக் உருவுனா திரும்ப விலகிடும். அதனாலதான் கேபிளைச் சொருகிட்டே அளக்கச் சொல்றது. ஜாக்கை கால் திருப்பு திருப்பி விட்டு, நாக்குக்கு எதிர்ல ரெண்டு சுத்து இன்சுலேஷன் டேப் ஒட்டிடுங்க.

பிக்கப் சேரலைன்னு காட்டுச்சுன்னா ஹம்பக்கர்ல மொதல்ல வயர் கலரைப் பாருங்க. நாலு வயர் ஹம்பக்கருக்கு உலகத்துக்கே ஒரே கலர் கணக்கு கெடையாது. சீமோர் டங்கன்ல கருப்பு ஹாட், பச்சையும் தோலில்லாத வயரும் எர்த்து, செவப்பும் வெள்ளையும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கி டேப் சுத்தி ஓரமா விடணும். டிமார்சியோல செவப்பு ஹாட், பச்சையும் தோலில்லாததும் எர்த்து, கருப்பும் வெள்ளையும் ஜோடி. ஒரு கம்பெனி டயகிராமைப் பாத்து இன்னொரு கம்பெனி பிக்கப்பை மாட்டுனா சத்தம் வராது, இல்ல பாதிதான் வரும். ஜோடி சேக்க வேண்டிய ரெண்டு வயரைச் சேக்காம விட்டா முழுசா ஓப்பன், அதாவது பாதை அறுந்து கெடக்கும். ஜோடியை தெரியாம எர்த்துல ஒட்டிட்டா 8 வர வேண்டிய எடத்துல 4 வரும், ஒரு காயில்தான் வேலை செய்யும், சத்தம் மெலிஞ்சு, ஹம்மும் வந்து சேரும். கிப்சன்ல வேலை பாத்த செத் லவர் 1955ல ஹம்பக்கருக்கு பேட்டன்ட் எழுதிப் போட்டதே, ரெண்டு காயிலை எதிரெதிரா சுத்தி ஹம்மை ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்க விடறதுக்குத்தான், ஒரு காயில் படுத்துட்டா அந்த வித்தை வேலைக்காகாது.

கலரும் சரி, ஜாயின்ட்டும் சரி, பிக்கப்பை தனியா கழட்டி அளந்தாலும் ஓப்பன்னா காயில் அறுந்திருக்கு. தூக்கிப் போட்டுடாதீங்க. கணபதி பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பண்ற ஒரு அண்ணன்கிட்ட இந்த மாதிரி ஒண்ணைக் கொண்டு போனேன். அவரு சுத்தறதெல்லாம் பம்ப் மோட்டார் காயில், இது அமெரிக்க கேஜ் கணக்குல 42, 0.06 மில்லிமீட்டர் பக்கம், தலைமுடி தடிமன், சிங்கிள் காயில்னா சுமார் 8000 சுத்து. அண்ணன் கண்ணாடியைப் போட்டுட்டு லைட்டுக்கு கீழ வெச்சு ரெண்டு நிமிஷம் பேசாம பாத்தாரு. "கண்ணு, காயில் நல்லாத்தான் இருக்கு, வாய்ல அறுந்திருக்கு பாரு"ன்னு ஊசி முனைல தொட்டுக் காமிச்சாரு. காயில்ல இருந்து வர்ற முடி, வெளி வயரைச் சந்திக்கற பொட்டு மேல, சோல்டருக்கு ஒரு மயிரிழை முன்னாடி ஒடைஞ்சிருந்துது. வெளி சுத்துல இருந்து ஒரே ஒரு சுத்தைப் பிரிச்சு, எனாமலை சோல்டர் சூட்டுலயே கருக்கி ஒட்டிக் குடுத்தாரு, மீட்டர் 6.1 காட்டுச்சு. உள் சுத்து அறுந்தா இப்படி முடியாது, வெளி சுத்துன்னா முக்காவாசி பொழைச்சுக்கும்.

தனித்தனியா நல்லா கேக்குது, ரெண்டு பிக்கப் சேத்தா மெலிஞ்சு போகுது

அடித்தொண்டை போயி மூக்கால பாடற மாதிரி ஆச்சுன்னா ரெண்டு பிக்கப்பும் ஒண்ணுக்கொண்ணு எதிர் ஃபேஸ்ல இருக்கு, ஒண்ணோட அலை இன்னொண்ணை அமுக்குது. வேற வேற கம்பெனி பிக்கப் போட்டு செஞ்ச கிட்டார்ல இது சகஜம். மீட்டரை ஓம்ல போட்டு பிக்கப்போட ரெண்டு வயர்லயும் மாட்டி, ஸ்க்ரூடிரைவர் தண்டை காந்தத்து மேல படுக்க வெச்சு டக்குன்னு எடுங்க, நம்பர் ஒரு கணம் மேல குதிக்கும் இல்ல கீழ எறங்கும். அடுத்த பிக்கப்புக்கும் மீட்டர் முனைகளை அதே மாதிரி ஹாட்டுக்கு செவப்பு, எர்த்துக்கு கருப்புன்னு மாட்டிப் பாருங்க, ரெண்டும் ஒரே பக்கம் குதிக்கணும். மாறுனா ஒரு பிக்கப்போட ரெண்டு வயரை இடம் மாத்தணும். ஆனா உலோக மூடி போட்ட பிக்கப்ல சும்மா மாத்திடாதீங்க, மூடி எர்த்து வயரோட சேந்திருக்கும், மாத்துனா மூடி ஹாட்டாயிடும், கை பட்டா பஸ் அடிக்கும். மூடிக்கு போற சின்ன துண்டு வயரை வெட்டி விட்டு மூடிக்குன்னு தனியா ஒரு எர்த்து வயர் இழுத்துட்டு அப்பறமா மாத்துங்க.

வால்யூம், டோன் சொன்ன பேச்சு கேக்கல

வால்யூமை சுத்தமா கொறைச்சும் சத்தம் லேசா வந்துட்டே இருந்தா பாட்டோட எர்த்து கால் முதுகோட சேரலை. பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் ஒண்ணும் மாறாம கடைசில பொத்துன்னு விழுந்தா, அது பி எழுத்து போட்ட லீனியர் பாட், காதுக்கு ஏத்தது ஏ எழுத்து போட்டது. டோனை சைபருக்கு கொண்டு போனா சத்தமே செத்துப் போகுதுன்னா கெப்பாசிட்டர் ஷார்ட், இல்ல கெப்பாசிட்டரைத் தாண்டி நேரா எர்த்துல ஒட்டியிருக்கீங்க. ஹம்பக்கருக்கு 500, சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பாட் போடறது வழக்கம், ஹம்பக்கருக்கு 250 போட்டுட்டு சத்தம் போர்வை போத்துன மாதிரி இருக்குன்னு பிக்கப்பைத் திட்ட வேண்டாம். கெப்பாசிட்டர் 223ன்னு எழுதியிருந்தா 0.022 மைக்ரோ, 473ன்னா 0.047, ரெண்டுமே சரி.

திருகுனா கரகரன்னா அழுக்கு. காங்கேயம் பக்கம் காத்துல தூசின்னா சோமனூர், பல்லடம் பக்கம் பஞ்சு, தறி ஓடற ஊட்டுல கிட்டாரைத் தொறந்து பாத்தா பாட் காலுக்கு இடைல வெள்ளையா பூசணம் மாதிரி படிஞ்சிருக்கும். பிரஷ்ல தட்டிட்டு, கால் பக்கம் இருக்கற சந்துல கான்டாக்ட் கிளீனர் ஒரு தடவ அடிச்சு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமா இருபது முப்பது தடவ திருகுங்க. தேங்காண்ணை, மெஷின் ஆயில் எதுவும் வேண்டாம், பஞ்சு அதுல ஒட்டி களியா போயிடும்.

விட்டு விட்டு வருது

நூத்துக்கு பாதி ஜாக் நட்டு லூஸ். நட்டை அப்படியே முறுக்குனா உள்ள ஜாக்கும் சேந்து சுத்தி வயரை முறுக்கிப் போட்டு அறுத்துரும், ஜாக்கை உள்ள கையால புடிச்சுட்டு முறுக்கணும். நட்டு சரின்னா, ஆம்ப் ஓடறப்ப ஒரு தீக்குச்சியால உள்ள ஒவ்வொரு ஜாயின்டா மெதுவா தள்ளிப் பாருங்க, எதைத் தள்ளறப்ப டப்புன்னுதோ அதுதான்.

சோமனூர் தம்பி கிட்டாருக்கு வருவோம். பிரிட்ஜ் வயர் சரியாயி, கேவிட்டிக்கு ஃபாயிலும் ஒட்டி, என் ஊட்டுல பட்டு மாதிரி பேசுச்சு. அன்னைக்கு பொழுதோட போன் வந்துச்சு, "அண்ணா, பஸ் சுத்தமா போச்சுங்க, ஆனா அந்த ம்ம்ம் மட்டும் இருக்குதுங்க, தறி நிறுத்துனாலும் இருக்குதுங்க." அதுல போட்டிருக்கறது சிங்கிள் காயில். உக்காந்திருக்கற எடத்துலயே கிட்டாரோட ஒடம்பை மெதுவா சுத்தச் சொன்னேன். ஒரு திக்குல கூடுது, கால் சுத்து சுத்துனா காணாம போகுதுன்னாரு. அப்ப அது காந்தப்புலம், வயரிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. செவுத்துக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு கேட்டேன், பெரிய ஸ்டெபிலைசர் இருக்குதுங்கன்னாரு. அதை நகத்த அவங்கப்பா ஒத்துக்கல. நடு பிக்கப் எதிர்சுத்து, எதிர்காந்தமா இருக்கறதால சுவிட்சை ரெண்டு பிக்கப் சேர்ற ரெண்டாவது எடத்துலயோ நாலாவது எடத்துலயோ வெச்சா ஹம் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும்னு சொன்னேன், இல்லைனா உக்கார்ற எடத்தை செவுத்துல இருந்து தள்ளிப் போடச் சொன்னேன். தம்பி ரெண்டையும் பண்ணிட்டாரு, சுவிட்ச் நாலாவது எடத்துல, ஸ்டூலை செவுத்துல இருந்து ஆறடி தள்ளி கெழக்க பாத்து போட்டு, தரைல சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சிருக்காராம்.